இரவு இரண்டு மணிக்கு யாருடைய கை வேண்டும்? உதவி இல்லமா, செவிலியர் இல்லமா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஓர் அம்மா மருத்துவமனைக்கு வந்த பன்னிரண்டாம் நாள் நான் எழுதிய குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது. "நீண்டகாலச் செவிலியர் பராமரிப்பு தேவை. சுயமாக இயங்கும் திறன் திரும்ப வாய்ப்புக் குறைவு." கீழே என் கையெழுத்து.

ஏழாவது வாரம் அதே அம்மா நடைக்கூடத்துச் சுவர் முன்னால் வாக்கரைப் பிடித்தபடி நின்றார். "கைகளை சுத்தம் செய்யவும்" என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு 'ச்' விட்டுப்போச்சும்மா. கைகளைச் சுத்தம்னு வரணும்" என்றார். நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அந்த நிமிடம்தான் என் குறிப்பு தவறு என்று எனக்கு உறைத்தது.

நான் மருத்துவமனையில் சமூகப்பணியாளர். வயதானவர்கள் வீடு திரும்ப முடியாதபோது, அடுத்து எங்கே என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிப்பது என் வேலையில் பாதி. இந்த ஒரு குடும்பத்தின் பதினான்கு மாதங்களை, அவர்களுடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். வார்டில் எல்லோரும் கூப்பிட்டது போல இங்கேயும் அவர் "அம்மா"தான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். "நர்சிங் ஹோம்" என்றால் நம் காதில் சின்ன மருத்துவமனை என்றே விழும். இங்கே பேசுவது அதுவல்ல. இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் பொறுப்பில் இருக்கும் நீண்டகாலத் தங்கும் இடத்தைச் செவிலியர் இல்லம் என்கிறேன். "அசிஸ்டட் லிவிங்" எனப்படுவது, தனக்கென ஓர் அறையோ சிறு வீடோ வைத்துக்கொண்டு, குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்க, நடக்க எனத் தேவையான இடத்தில் மட்டும் கை கிடைக்கிற இடம். அதை உதவி இல்லம் என்கிறேன். முதலாவதில் மருத்துவத் தேவைதான் நடு அச்சு. இரண்டாவதில் வாழ்க்கை நடு அச்சு, உதவி ஓரத்தில் இருக்கும். இடத்துக்கு இடம் சட்டமும் பெயரும் மாறினாலும் இந்த வேறுபாடு பெரும்பாலும் நிற்கும்.

விழுந்ததும் அதன் பிறகும்

அம்மாவுக்கு 82 வயது. கணவர் இல்லை. மூத்த மகளோடு ஒன்பது ஆண்டுகளாக இருந்தார். சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, வலது காதில் கேட்கும் கருவி. ஓர் இரவு கழிப்பறைக்கு எழுந்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. இரண்டாம் நாள் அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது.

மூன்றாம் நாள் இரவு தொடங்கியது குழப்பம். மகளை அடையாளம் தெரியவில்லை. கூரையில் எழுத்துகள் ஓடுவதாகச் சொன்னார். பகலில் தூங்கிவழிந்தார், இரவில் எழுந்து ஊசிக்குழாயைப் பிடுங்கினார். நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மனநிலைத் தேர்வில், பன்னிரண்டாம் நாள், 30-க்கு 13. அன்றாடச் செயல்களை அளக்கும் காட்ஸ் அளவுகோலில் ஆறில் ஒன்று: குளித்தல், உடுத்தல், கழிப்பறை போதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறில் உண்பதை மட்டுமே சுயமாகச் செய்தார். இந்த எண்களை வைத்துத்தான் நான் அந்தக் குறிப்பை எழுதினேன்.

நான் கேட்க மறந்த கேள்விகள் இரண்டு. விழுவதற்கு முந்தைய வாரம் இவர் எப்படி இருந்தார்? தேர்வு எடுத்தபோது காதில் கருவி இருந்ததா?

இல்லை. கருவி அறுவை அரங்குக்குப் போகும்போது கழற்றப்பட்டு, ஒரு டப்பாவில் மூத்த மகளின் பையில் இருந்தது. கேள்வியே பாதி கேட்காதவருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். முந்தைய வாரமோ, அம்மா நாளிதழ் முழுவதும் படித்து, வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிமென்ஷியா எனும் மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ வந்து, காலையில் தெளிந்து மாலையில் மோசமாகி, கவனத்தைச் சிதறடிப்பது டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். இடுப்பு அறுவைக்குப் பின் முதியவர்களிடம் இது அடிக்கடி வரும். வலி, நீர் வற்றல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தொற்று, மருந்து என எதுவும் காரணமாகலாம். தெளிய வாரங்கள் பிடிக்கலாம், சிலருக்கு மாதங்கள். 1990-லிருந்தே இதைப் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் முறை உண்டு. எங்கள் வார்டில் அது அன்று செய்யப்படவில்லை.

அம்மா விஷயத்தில் மருந்துக்கும் பங்கு இருந்தது. சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூடினின், தூக்கத்துக்கு டைஃபென்ஹைட்ரமின். இரண்டுமே மனக்குழப்பம் உள்ள முதியவர்களுக்குத் தவிர்க்கத்தக்கவை என்று பியர்ஸ் பட்டியலில் உள்ளவை. 1991-இல் முதன்முதலாக வெளிவந்து அவ்வப்போது திருத்தப்படும் பட்டியல் அது. முதியோர் மருத்துவர் வந்து பார்த்த அன்றே இரண்டையும் நிறுத்தினார்.

குடும்பக் கூட்டம்

பதினாறாம் நாள் மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். மகன் தொலைவில் வேலை பார்ப்பவர், இரண்டு நாள் விடுப்பு. அவர் கேட்டது ஒன்றுதான்: "மேடம், இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்கிற இடத்துல விட்டுட்டா பயம் இல்லைல்ல?" மூத்த மகள் குரல் உடைந்து, "எங்கேயும் வேணாம். நான் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார். இளைய மகள் இருவரையும் பார்த்து, "அண்ணா, அக்கா, அம்மாகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

மூத்த மகளுக்கு 58 வயது. முதுகுத்தண்டில் தேய்மானம். பராமரிப்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் வினாத்தாளை அவரிடம் கொடுத்தேன், மொத்த மதிப்பெண் 88. அவருக்கு 52, மிதமானதிலிருந்து கடுமையான சுமை என்கிற வட்டத்தில் விழுகிறது. அந்தத் தாளை அவர் நிரப்பிக்கொண்டிருந்தபோது பேனா ஒரு கேள்வியில் நின்றது. உங்கள் உடல்நலம் கெட்டிருக்கிறதா என்ற கேள்வி. அதைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வந்து குறித்தார். ஒன்பது ஆண்டுகளில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார். அம்மாவை இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுவது என்று நினைப்பவர்கள், பார்த்துக்கொள்ளும் பிள்ளை படுத்துவிட்டால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அன்று எடுத்த முடிவு இறுதி முடிவல்ல. அதுவே இந்த நிகழ்வில் நடந்த முதல் நல்ல காரியம். என் குறிப்பில் இருந்த "நீண்டகால" என்ற சொல்லை அடித்துவிட்டு, "எட்டு வாரம், நடைப்பயிற்சியுடன்; ஏழாம் வாரம் மறுமதிப்பீடு" என்று எழுதினேன். செவிலியர் இல்லம் என்றால் போனவர் திரும்பாத இடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறுகிய கால மறுவாழ்வுக்காகப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. இடுப்பு முறிவுக்குப் பின் நடை மீள்வது பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில்தான். அந்தக் காலத்தில், அதுவும் மனக்குழப்பம் தெளியாத நேரத்தில், ஆயுள் முழுவதற்குமான இடத்தை முடிவுசெய்வது, காய்ச்சலில் கிடப்பவரை எடைபோட்டு வாழ்நாள் உடுப்பு தைப்பது போல.

பத்தொன்பதாம் நாள் அம்மா செவிலியர் இல்லத்துக்குப் போனார். காதில் கருவி இருந்தது.

ஏழாம் வாரம்: எண்கள் மாறின, தேவை எங்கே மாறியது?

மனநிலைத் தேர்வில் 24. காட்ஸ் அளவில் ஆறில் நான்கு: குளிக்கக் கை வேண்டும், சிறுநீர்க் கட்டுப்பாடு முழுமையில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் தேர்வில் 31 நொடி. பத்தாம் வாரம் 22. விழும் அபாயம் உண்டு என்று கருதும் எல்லை ஏறத்தாழ 12 நொடி என்பதால், இரண்டுமே கவலைக்குரிய எண்கள்தான். படுக்கைப்புண் அபாயம் காட்டும் பிராடன் அளவில் 15-ஆக இருந்தவர் 20-க்கு வந்திருந்தார். 18-உம் அதற்குக் கீழும்தான் அபாயம்.

ஆனால் எண்களை மட்டும் வைத்து இன்னொரு முறை கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மூன்று பகல், மூன்று இரவு ஒரு தாளை நிரப்பச் சொன்னேன். பகலில் இளைய மகளும், இரவில் பணியில் இருந்த உதவியாளரும் நிரப்பினார்கள். அம்மாவுக்கு இன்னொருவர் கை தேவைப்பட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. எத்தனை மணி, எதற்கு, எத்தனை பேர், சாதாரணக் கை போதுமா அல்லது பயிற்சி பெற்ற கையா, இருபது நிமிடம் காத்திருக்க முடியுமா. அவ்வளவுதான்.

உதவி இல்லமா செவிலியர் இல்லமா என்ற கேள்விக்கு நோயின் பெயர் விடை சொல்லாது. இந்தத் தாள் சொல்லும். தேவைகள் இரண்டு வகை: நேரம் சொல்லி வருபவை, சொல்லாமல் வருபவை. குளியல் சொல்லி வரும். மாத்திரை சொல்லி வரும். உதவி இல்லம் இப்படிப்பட்ட தேவைகளுக்காகவே அமைக்கப்பட்டது. காலையில் ஒருவர் வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். சளி அடைப்பதும், சர்க்கரை திடீரென இறங்குவதும், புண்ணின் நிறம் மாறுவதும் சொல்லாமல் வரும். அங்கே வேண்டியது கை மட்டுமல்ல, பார்த்ததும் புரிந்துகொள்கிற கண். அது செவிலியர் இல்லத்தில்தான் எந்நேரமும் கிடைக்கும்.

அம்மாவின் தாளில் ஒரு நாளுக்குச் சராசரியாக 17 வரிகள். பன்னிரண்டு சொல்லி வருபவை. ஐந்து சொல்லாதவை, அதில் இரண்டு இரவில். பயிற்சி பெற்ற கை கட்டாயம் வேண்டியவை இரண்டே: காலை இன்சுலின், இரவு இன்சுலின். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வரி ஒன்றுகூட இல்லை.

ஆக, அம்மாவைச் செவிலியர் இல்லத்தில் நிறுத்தி வைத்திருந்தவை மூன்று: இரண்டு ஊசி, இரவு இரண்டு மணி வாக்கில் வரும் சிறுநீர் அவசரம். மகன் இதைப் பார்த்து, "அப்ப நைட்டுக்கு நர்ஸ் வேணும்தானே?" என்றார். தேவையை அப்படியே எடுத்துக்கொண்டு இடம் தேடுவதா, தேவையையே குறைக்க முடியுமா என்று முதலில் பார்ப்பதா?

முதியோர் மருத்துவர் சர்க்கரைக் கணக்கைப் பார்த்தார். கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3. இளம் வயதினருக்கு நல்ல எண். பல நோய்களோடு தளர்ந்திருக்கும் 82 வயதுக்காரருக்கு இவ்வளவு இறுக்கம் ஆபத்து, இரவில் சர்க்கரை தாழ்ந்து விழ வைக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல். இரவு ஊசியை நிறுத்தி, காலையில் ஒரே ஊசியாக்கினார். முதல் தடவை அவர் விழுந்ததற்கும் இதுவே காரணமோ என்று மூத்த மகள் கேட்டார். அந்த இரவு யாரும் சர்க்கரை பார்க்கவில்லை. இனித் தெரிந்துகொள்ள வழியில்லை.

சிறுநீருக்கு மாத்திரை இல்லாத வழி. மாலை ஆறு மணிக்குப் பிறகு குடிக்கும் நீரைக் குறைத்து, அதைப் பகலில் ஈடுகட்டினார்கள். இரவு பத்துக்கு ஒரு முறை, இரண்டுக்கு ஒரு முறை, அவசரம் வருமுன்னே எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்தில் படுக்கை நனைவது அநேகமாக நின்றது. சொல்லாமல் வந்துகொண்டிருந்த தேவை, இரவு இரண்டு மணிக்கு என்று நேரம் சொல்லி வரும் தேவையாக மாறியது. அதற்குச் செவிலியர் வேண்டாம். விழித்திருக்கும் ஒருவர் போதும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேறொரு குடும்பம், பார்க்கின்சன் நோயுள்ள தந்தையை உதவி இல்லத்தில் சேர்த்தார்கள். நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார் என்பதே காரணம். அவர் நடந்தது லெவோடோபா மாத்திரை உரிய நேரத்தில் விழுந்ததால். அந்த இல்லத்தில் மாத்திரை நேரம் ஒரு மணி முன்பின் நகர்ந்தது. பத்தே நாளில் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனார். பார்வைக்கு நன்றாக இருப்பது எதனால் என்று கேட்காமல் எடுத்த முடிவு அது.

அம்மா சொன்னது

ஒரு பிற்பகல், பிள்ளைகள் இல்லாதபோது, கேட்டேன். எங்கே இருக்க ஆசை என்று கேட்கவில்லை. அதற்கு எல்லோரும் "வீட்டுல" என்றுதான் சொல்வார்கள், அந்த வாசல் மூடியிருக்கும்போது அப்படிக் கேட்பது அவரை வதைப்பது. எது இல்லாமல் இருக்க முடியாது என்று கேட்டேன்.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கதவை நான் உள்ளேருந்து சாத்திக்கணும். விளக்கை நான் அணைக்கணும். இங்க ஒன்பது மணிக்கு யாரோ வந்து அணைக்கிறாங்க. நான் பாதி வரியில இருப்பேன்" என்றார்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கக் கூடாது. 1976-இல் உளவியலாளர்கள் எல்லன் லேங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தின் இரண்டு தளங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு தளத்தவரிடம் உங்கள் அறை, உங்கள் பொழுது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு செடியையும் கொடுத்தார்கள். மற்றத் தளத்தவரிடம் எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்; செடிக்குத் தண்ணீரும் ஊழியரே ஊற்றினார். மூன்றே வாரத்தில் முதல் தளத்தவர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். விளக்கு விசையும் அந்தச் செடி மாதிரிதான்.

ஏழு மணிக்குப் பிறகு போய்ப் பார்த்தது

ஐந்து இல்லங்களைப் பார்த்தோம். முதல் தடவை நேரம் கேட்டுப் போனோம். இரண்டாம் தடவை சொல்லாமல், ஒரு விடுமுறை நாள் மாலை ஏழு மணிக்கு மேல். வரவேற்பறையின் சோபாவைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அழைப்பு மணி அடித்து, கதவுமேல் விளக்கு எரிந்ததிலிருந்து ஆள் வரும் வரை கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். மிக அழகாக இருந்த இல்லத்தில் 19 நிமிடம். தரை கொஞ்சம் பழசாயிருந்த இன்னொன்றில் 6.

இளைய மகள் கண்டது எனக்கும் பாடம். ஓர் அறையில் தண்ணீர் டம்ளர் நிரம்பியிருந்தது. ஆனால் அது கட்டிலின் எதிர்ப்பக்க அலமாரியில் இருந்தது. கட்டிலில் இருந்தவர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தார். "தண்ணி வைக்கிறோம்னு சொன்னது பொய்யில்லைங்க, ஆனா எட்டாது" என்றார் மகள். அதன் பிறகு ஒவ்வோர் இடத்திலும் டம்ளர் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். நகங்களைப் பார்த்தோம். ஊழியர் பேசும்போது முதியவரின் கண் மட்டத்துக்குக் குனிகிறாரா என்று பார்த்தோம்.

ஓர் இடத்தில், "விழாம இருக்க இடுப்புல பெல்ட் போட்டு உட்கார வெச்சிடுவோம், கவலைப்படாதீங்க" என்றார்கள். கட்டிப்போடுவது காயத்தைத் தடுக்காது. தசை வற்றும், புண் வரும், கலக்கம் கூடும், விடுபடப் போராடும்போது அடிபடும். படுக்கைக் கம்பியைத் தாண்டி விழுபவர் கூடுதல் உயரத்திலிருந்து விழுகிறார். அந்த இல்லத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

கேட்க வேண்டியவற்றை மூத்த மகளே ஒரு தாளில் எழுதி வந்திருந்தார். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்கள் விழித்திருப்பார்களா தூங்குவார்களா. செவிலியர் உள்ளேயே இருக்கிறாரா, தொலைபேசியில் மட்டும் கிடைப்பாரா. விழுந்தால் தூக்குவீர்களா, ஆம்புலன்ஸ் வரும் வரை தரையில்தானா (இரண்டாவதை நடைமுறையாகவே வைத்திருக்கும் உதவி இல்லங்கள் உண்டு). மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அறை காத்திருக்குமா. எந்த நிலை வந்தால் "இனி எங்களால் பார்க்க முடியாது" என்பீர்கள்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். உதவி இல்லத்தின் ஒப்பந்தத்தில் அது ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும். சேரும் நாளில் படிக்கப்படாத அந்தப் பக்கம், மோசமான ஒரு நாளில் குடும்பத்தின் முன் விரிக்கப்படும்.

ஆறு நிமிட இல்லத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பகல் எட்டு முதல் நான்கு வரை செவிலியர், காலை ஊசிக்கு அது போதும். இரவில் விழித்திருக்கும் ஊழியர் இருவர். கதவை உள்ளிருந்து பூட்டலாம், அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கலாம். விளக்கு விசை தலைமாட்டில்.

சேர்ந்த பிறகு

பதினொன்றாம் வாரம் அம்மா உதவி இல்லத்துக்கு மாறினார். முதல் மூன்று வாரம் கடினமாக இருந்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு குறைந்தது, ஒரே நாளில் மூத்த மகளுக்குப் பதினோரு தடவை தொலைபேசி. இடம் மாறும் முதியவர்களுக்கு இப்படி வருவது தெரிந்த ஒன்று; இடமாற்ற மன அழுத்தம் என்ற பெயரில் 1992 முதல் செவிலியத் துறை இதை ஒரு நோயறிதலாகவே பதிவுசெய்கிறது. இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால், முதல் வாரமே மகள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார். "அஞ்சாவது நாள் கார்ல உட்கார்ந்து அழுதேன் மேடம். நீங்க மூணு வாரம்னு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் பிறகு.

அங்கே போன ஆறாம் வாரத்தில் அம்மா இல்லத்தின் அறிவிப்புப் பலகையைத் திருத்தத் தொடங்கியிருந்தார். பென்சிலால், ஓரத்தில், மெய்ப்புக் குறிகளோடு. நிர்வாகி அச்சிடும் முன்பே தாளை அவரிடம் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்.

ஐந்தாம் மாதம் விழுந்தார். காயம் இல்லை. மகன் உடனே அழைத்து, "இதுக்குத்தான் நர்சிங் ஹோம்னு சொன்னேன்" என்றார். அவருடைய பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. தொலைவில் இருப்பவருக்கு ஒவ்வொரு தொலைபேசி மணியும் அந்தச் செய்தியாகத்தான் கேட்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினர். இல்லங்களில் இருப்பவர்கள் கூடுதலாகத் தளர்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனாலும் செவிலியர் இருப்பதாலேயே விழாமல் இருப்பார் என்பது இல்லை. எங்கே விழுந்தார் என்பதை விட்டு, ஏன் விழுந்தார் என்று பார்த்தோம். படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 28 இறங்கியது. 20 இறங்கினாலே அது நோய்க்குறி. அழுத்த மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டது. கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழப் பழகிக்கொண்டார். பிறகு ஒன்பது மாதம் விழவில்லை.

அதற்கு முன்பே, மூன்றாம் மாதத்தில், அம்மா தெளிவாக இருந்த ஒரு நாளில், நால்வரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். எது வந்தால் செவிலியர் இல்லத்துக்கு மாறுவது என்ற பட்டியல். எழுந்து நிற்க இரண்டு பேர் வேண்டிய நிலை. விழுங்குவதில் சிக்கல். இரண்டு வாரத்தில் ஆறாத புண். இரவில் சொல்லாமல் வரும் தேவை மூன்று தடவைக்கு மேல். இவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் மாற வேண்டும், யாரையும் யாரும் குறை சொல்லக் கூடாது. உணவுக்குழாய், செயற்கைச் சுவாசம் பற்றிய தன் விருப்பத்தையும் அம்மா அதே நாளில் சொல்லிக் கையெழுத்திட்டார். "இதுல பிழை இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து.

பதினான்காம் மாதம் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறியது, புரிதல் இருந்தது. நீர் குடித்தால் புரை ஏறியது, கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற இருவர். பிராடன் 13. மருத்துவமனையில் மூன்று பிள்ளைகளும் கூடினார்கள், மகன் காணொலியில். மூத்த மகள் அந்தப் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு நிபந்தனைகள் நிறைவாகியிருந்தன. முதல் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடி அழுகையில் முடிந்தது. இது நாற்பது நிமிடம். அம்மாவிடம் கேட்டோம். கண்ணை மூடித் திறந்து, இடது கையை லேசாக அசைத்தார்.

அவர் நடைபயின்ற அதே செவிலியர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஒரு காலைப் பொழுதில், இரவுப் பணியாளர் அல்லாமல் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கும் நேரம் பார்த்துக் கூட்டிப் போனார்கள். தலைமாட்டில் மூத்த மகள் ஒரு தாள் ஒட்டினார்: வலது காதில் கருவி இருக்கிறதா பார்க்கவும். கண்ணாடி மேல் இழுப்பறையில். டம்ளரை இடது பக்கம் வைக்கவும். விளக்கை அணைக்கும் முன் கேட்கவும்.

போன வாரம் பார்க்கப் போனேன். மூத்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளில் இப்படி அவசரமில்லாமல் வாரியதே இல்லை என்றார். சுவரில் இருந்த தாளில் முதல் வரியில் "கருவி இருக்கிறதா" என்பதற்குப் பின் ஒரு கோணல்மாணலான குறி, மேலே நடுங்கிய "எனப்". இடது கையால் எழுதியது.